முடிவில்லா விளையாட்டுகளில் முட்டிக்கொண்டு நிற்கும்போது: அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

மைன்கிராஃப்ட், ஃபேக்டோரியோ, ரிம்வேர்ல்ட், ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ், ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடட், கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம். இவை எல்லாம் ஓர் உலகத்தையும் அதன் விதிகளையும் கையில் கொடுத்துவிட்டு, இனி உன் பாடு என்று ஒதுங்கிக்கொள்ளும் ஆட்டங்கள். இவற்றில் சிக்கிக்கொள்ளாத ஆட்டக்காரர் கிடையாது. சிக்கிய பிறகு பெரும்பாலோர் செத்த இடத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அங்கேதான் நேரம் வீணாகிறது.

இந்த வகை ஆட்டங்களில் உடைகிற இடம் ஒன்று, பிழை நடந்த இடம் வேறொன்று. இரண்டுக்கும் நடுவே பல மணி நேர ஆட்டம்கூட இருக்கலாம். பின்னோக்கிப் போய் அந்தப் பிழையைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. இவற்றில் கிடைக்கும் பெரிய சுகமும் அந்தத் தேடலில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்ப் படியுங்கள். இயக்க விதிகளை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறேன். கதையின் ரகசியம் எதையும் உடைக்கவில்லை.

அறிகுறி: திறந்து வைத்தாகிவிட்டது, என்ன செய்வதென்றே தெரியவில்லை

இலக்கு இல்லாததுதான் காரணம். மைன்கிராஃப்ட் 2011இல் முழுப் பதிப்பாக வந்தபோது கடைசி எதிரியான எண்டர் டிராகனும் சேர்ந்தே வந்தது. அதைக் கொன்றால் முடிவுரை ஓடும். ஆனால் அந்த டிராகனின் முகத்தையே பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் விளையாடுகிறவர்கள் ஏராளம். ஏன் வரவில்லை என்று ஆட்டமும் அவர்களைக் கேட்பதில்லை. இலக்கை நீங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த அரை மணி நேரத்தில் எதை முடிப்பீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை என்றால் இலக்கு பெரியது, அல்லது இல்லவே இல்லை. முடிந்ததா இல்லையா என்று பார்த்த மாத்திரத்தில் தெரிகிற இலக்காக ஒன்றைப் பிடியுங்கள். ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கெர்பலில் நிலாவுக்குப் போவதை முதல் இலக்காக வைக்க வேண்டாம். 70 கி.மீ. உயரத்தைத் தாண்டிவிட்டு ஆள் உயிரோடு தரை இறங்கினால் போதும். அங்கே நாம் கிளம்பும் கெர்பின் கிரகத்தின் வளிமண்டலம் சரியாக அந்த 70 கி.மீ. உயரத்தில்தான் முடிகிறது. நிலாவுக்குப் போக என்னென்ன கற்க வேண்டுமோ, அதில் பாதியை அந்த உயரத்துக்குப் போய்த் திரும்பும்போதே கற்றுவிடுவீர்கள். தொழிற்சாலை கட்டும் ஃபேக்டோரியோவில் பெரிய இலக்கான ராக்கெட்டை மறந்துவிடுங்கள். ஆய்வுக்குத் தேவையான முதல் பொருளான சிவப்பு சயின்ஸ் பேக் கைபடாமல் தானே தயாராகித் தானே ஆய்வகத்துக்குள் போகட்டும். ஊர் அமைத்துக் காக்கும் ரிம்வேர்ல்டில் முதல் குளிர்காலம் வருவதற்குள் ஆளுக்கொரு கட்டில், தலைக்கு மேல் கூரை, உட்கார்ந்து சாப்பிட ஒரு மேசை. மேசை சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அது இல்லாமல் சாப்பிட்டால் ஒவ்வொரு முறையும் அந்த ஆளின் மனநிலை இறங்குகிறது.

அறிகுறி: நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று எல்லாம் சரிந்துவிட்டது

அதிகம் பேர் ஆட்டத்தை மூடிவிட்டு எழுந்து போவது இந்த இடத்தில்தான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

சரிந்துகொண்டிருக்கும்போது முதலில் ஆட்டத்தை இடைநிறுத்துங்கள். ரிம்வேர்ல்ட், ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ், ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடட் மூன்றிலும் நேரத்தை நிறுத்திவைத்து நிதானமாகக் கட்டளை கொடுக்கலாம். அதற்காகத்தான் அந்த வசதியே இருக்கிறது. பிறகு, எது முதலில் ஆளைக் கொல்லும் என்ற வரிசையில் கவனியுங்கள். மூச்சு முட்டுவதும் ரத்தம் போவதும் நிமிடக் கணக்கு. பசி நாள் கணக்கு. பதற்றத்தில் பலர் பசியை முதலில் பார்க்கப் போய் ரத்தம் போகிறவரை இழக்கிறார்கள்.

ஆபத்து தணிந்த பிறகு காரணத்தைத் தேடுங்கள். எப்படித் தேடுவது என்பதற்கு ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடட் மாதிரி நல்ல பயிற்சிக்களம் வேறில்லை. கிளெய் நிறுவனம் 2019இல் முழுமையாக வெளியிட்ட ஆட்டம். ஒரு விண்பாறைக்கு உள்ளே 3 ஆட்களோடு தொடங்குகிறீர்கள். ஒவ்வோர் ஆளும் விநாடிக்கு 100 கிராம் ஆக்ஸிஜன் இழுக்கிறார். அங்கே ஒரு நாள் என்பது 600 விநாடி. ஆக ஆளுக்கு நாளொன்றுக்கு 60 கிலோ. ஆரம்பத்தில் பாசியிலிருந்து காற்றெடுக்கும் கருவி ஒன்று கிடைக்கும். விநாடிக்கு 550 கிராம் பாசியை விழுங்கி 500 கிராம் ஆக்ஸிஜன் தரும். 5 பேருக்குக் கச்சிதம். ஆனால் அதற்கு நாளொன்றுக்கு 330 கிலோ பாசி வேண்டும்.

இப்போது கதை எப்படிப் போகிறது பாருங்கள். 3 நாளுக்கு ஒருமுறை புதிய ஆளை ஆட்டம் நீட்டும். வேலைக்குக் கை கூடுகிறதே என்று வாங்கிக்கொண்டே போனால் பத்துப் பன்னிரண்டு பேர் ஆகிவிடும். பாசி வற்றும். தண்ணீரைப் பிளந்து ஆக்ஸிஜன் எடுக்கும் எலக்ட்ரோலைசருக்கு மாறுவீர்கள். அதிலிருந்து வரும் காற்று குறைந்தது 70 டிகிரி சூட்டில் வரும். அந்தச் சூடு சுவர் சுவராக ஊறித் தோட்டத்துக்குள் வரும். ஆரம்பப் பயிரான மீல்வுட் 30 டிகிரியைத் தாண்டினால் வளர்வதை நிறுத்திவிடும். கொஞ்ச நாளில் திரையில் உணவுப் பற்றாக்குறை எச்சரிக்கை தெரியும். நீங்கள் தோட்டத்தை இரண்டு மடங்காக்குவீர்கள். அதுவும் வளராது. ஏனென்றால் கோளாறு தோட்டத்தில் இல்லை. குளிர்விக்க வழி செய்யாமல் காற்றுக் கருவியை மாற்றியதில் இருக்கிறது. அதற்கும் முன்னால் போனால், காற்றுக் கணக்குப் பார்க்காமல் ஆறாவது ஆளைச் சேர்த்த நாளில் இருக்கிறது.

இப்படித்தான் பிடிக்க வேண்டும். உணவு ஏன் இல்லை? பயிர் நின்றுவிட்டது. பயிர் ஏன் நின்றது? செடியைச் சொடுக்கினால் வெப்பம் என்று அதுவே சொல்லும். வெப்பம் எங்கிருந்து வருகிறது? வெப்பநிலைக் காட்சியைப் போட்டால் சிவப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியும். மூன்று நான்கு ஏன் கேட்டாலே பெரும்பாலும் வேர் கைக்கு வந்துவிடும். இந்த ஆட்டங்களை உருவாக்கியவர்கள் பதிலை ஒளித்துவைக்கவில்லை என்பதுதான் எனக்கு இவற்றின் மீது இருக்கும் பெரிய மரியாதை. ஒவ்வொரு செடியும் குழாயும் தன் நிலவரத்தைச் சொல்கிறது. நாம் சொடுக்கிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஃபேக்டோரியோவில் இதே நோய் மின்சாரத்தில் வரும். நிலக்கரியால் பாய்லரைச் சூடாக்கி நீராவி எஞ்சின் ஓட்டுகிறீர்கள். 1 பாய்லருக்கு 2 எஞ்சின் கணக்கு. தொழிற்சாலை வளர வளர மின்சாரம் கொஞ்சம் போதாமல் போகும். போதாதபோது இயந்திரங்கள் நின்றுவிடுவதில்லை, மெதுவாகின்றன. அப்படி மெதுவாகிறவற்றில் நிலக்கரி தோண்டும் டிரில்லும் உண்டு, பாய்லருக்குள் கரி எடுத்துப்போடும் இன்செர்ட்டரும் உண்டு. கரி குறைகிறது, அதனால் மின்சாரம் குறைகிறது, அதனால் கரி இன்னும் குறைகிறது. கடைசியில் மொத்தமும் இருட்டு. ஏதாவது ஒரு மின்கம்பத்தைச் சொடுக்கி வரைபடத்தைப் பாருங்கள். தேவை எப்போது உற்பத்தியைத் தாண்டியது என்று அதில் இருக்கும். இருட்டு வந்ததற்கு வெகு நேரம் முன்னால் அந்தப் புள்ளி இருக்கும். உடனடி வைத்தியம், கையால் பாய்லர்களில் கரி போட்டு எழுப்புவது. எழுந்து நிற்கும்வரை தேவையில்லாத பகுதிகளின் கம்பத்தைப் பிடுங்கி வையுங்கள். நிரந்தர வைத்தியம், பாய்லருக்கு முன்னால் மின்சார இன்செர்ட்டரை எடுத்துவிட்டு பர்னர் இன்செர்ட்டரை வைப்பது. தான் தூக்கும் கரியிலேயே தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மின்சாரம் அறவே இல்லாத நேரத்திலும் அது வேலை செய்யும்.

அதே ஆட்டத்தில், எவ்வளவு சுவர் கட்டினாலும் பூச்சிகள் வந்துகொண்டே இருக்கின்றன என்றால் சுவரை விட்டுவிட்டு வரைபடத்தில் மாசுக் காட்சியைப் போடுங்கள். உங்கள் மாசு மேகம் கூடுகளைத் தொட்டிருக்கும். அந்த மாசை உறிஞ்சித்தான் கூடுகள் படை அனுப்புகின்றன. மேகத்துக்குள் இருக்கும் கூடுகளை அழித்துவிட்டால் கொஞ்ச காலம் நிம்மதி.

ரிம்வேர்ல்டில் சரிவு வேறு உருவில் வரும். எதிரிப் படையின் பலத்தை ஆட்டம் கணக்கிடும்போது உங்கள் ஆள் எண்ணிக்கையையும் மொத்தச் செல்வத்தையும் பார்க்கிறது. கிடங்கில் குவித்த வெள்ளி, அறைக்கு அறை வைத்த சிற்பம், இனி யாரும் போடாத பழைய கவசம், எல்லாம் அந்தக் கணக்கில் ஏறும். காவல் அப்படியே இருக்க, சொத்து மட்டும் வளர்ந்தால் ஒரு நாள் தாங்க முடியாத படை வந்து நிற்கும். விற்கக்கூடியதை விற்று, வந்த காசில் ஆயுதமும் மருந்தும் வாங்குங்கள். குவித்து வைக்கும் ஆசைதான் அங்கே பெரும்பாலான ஊர்களைக் கவிழ்க்கிறது.

மனநிலை வழியாகவும் சரிவு வரும். ஒருவருடைய மனநிலை சாதாரணமாக 35 சதவீதத்துக்குக் கீழே போனால் அவர் எந்த நேரமும் உடையலாம். ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸின் பழைய பதிப்புகள் இதற்குப் பேர்போனவை. ஒரு குள்ளர் சாவார், அவர் நண்பர் துக்கத்தில் வெறிகொண்டு இன்னொருவரை அடித்துக் கொல்வார், கொல்லப்பட்டவரின் நண்பர்கள் அடுத்து. ஒரே சாவில் தொடங்கிக் கோட்டையே காலியாகும். உடைந்தபின் அடக்குவதைவிட, நன்றாக இருக்கும் நாட்களில் ஒவ்வொருவரின் எண்ணப் பட்டியலையும் ஒருமுறை படித்து வைப்பது மேல்.

இந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றில் ஊர் கவிழ்ந்தது வளர்ந்த வேகத்தில். எல்லாம் சுகமாக ஓடும்போது கை துறுதுறுக்கும், அடுத்ததைக் கட்டு என்று. அந்த நேரத்தில் இருப்பை நாள் கணக்கில் அளந்து பாருங்கள். இன்றைய ஆட்களுக்கு எத்தனை நாள் சாப்பாடு, எத்தனை நாள் காற்று, எத்தனை நாள் கரி? அந்த எண் ஏறிக்கொண்டிருந்தால் வளருங்கள். இறங்கிக்கொண்டிருந்தால் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள்.

அறிகுறி: சரியாகத்தான் செய்கிறேன், எதிர்மாறாக நடக்கிறது

கெர்பல்காரர்கள் எல்லோரும் இங்கே வந்தாக வேண்டும். இந்த ஆட்டம் 2011இல் மெக்சிகோவின் ஸ்குவாட் நிறுவனத்திடமிருந்து முதலில் வெளிவந்தது, 2015இல் 1.0 பதிப்பு. அன்றாட வாழ்க்கை நமக்குக் கொடுத்த உள்ளுணர்வு இதில் பாதி நேரம் தப்பாக இருக்கும்.

ராக்கெட் மேலே போகப்போகக் கவிழ்ந்துவிடுகிறதா? நம் கை உடனே இன்னும் பெரிய எஞ்சினைத் தேடும். அது கோளாறைக் கூட்டும். காற்றின் இழுவை எடை மையத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். அடிப்பகுதியில் இறக்கைகளை வையுங்கள், மூக்கில் கூம்பு வையுங்கள், தலைப்பகுதியில் அகலமான சாமான்களை ஒட்டாதீர்கள். கிளம்பும்போது உந்துவிசை எடையைப் போல ஒன்றரை மடங்கு அளவில் இருந்தால் போதும். விநாடிக்கு 100 மீட்டர் வேகம் வந்ததும் கிழக்கே 5 முதல் 10 டிகிரி மட்டும் சாய்த்துவிட்டு, பிறகு வேகத் திசைக் குறியையே பின்தொடருங்கள். அடர்ந்த காற்றில் சடாரென்று திருப்பினால் எந்த ராக்கெட்டும் கவிழும்.

70 கி.மீ. தாண்டியும் திரும்ப விழுந்துவிடுகிறதா? உயரம் போதும், பக்கவாட்டு வேகம் போதவில்லை. கெர்பினைச் சுற்றிவர விநாடிக்கு ஏறக்குறைய 2,300 மீட்டர் பக்கவாட்டு வேகம் வேண்டும். தரையிலிருந்து அந்த நிலைக்கு வர, இழப்புகளையும் சேர்த்து, மொத்தம் விநாடிக்குச் சுமார் 3,400 மீட்டர் வேகமாற்றத்துக்கு எரிபொருள் இருக்க வேண்டும். கட்டும் கூடத்திலேயே அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது இன்னும் அழகான சிக்கல். உங்கள் கலம் ஒரே பாதையில் இன்னொரு கலத்துக்குப் பின்னால் போகிறது. பிடிக்க வேண்டும். அதை நோக்கி எஞ்சினைப் போடுகிறீர்கள். தூரம் கூடுகிறது. மறுபடி போட்டால் இன்னும் கூடுகிறது. காரணம், வேகத்தைக் கூட்டினால் உங்கள் பாதை உயர்கிறது, உயர்ந்த பாதையில் ஒரு சுற்றுக்கு அதிக நேரம் ஆகிறது, ஆகவே பின்தங்குகிறீர்கள். பிடிக்க வேண்டுமென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பாதை தாழும், சுற்று சீக்கிரம் முடியும், முன்னால் போனவரை எட்டிவிடலாம்.

இதில் தடுமாறுகிறவர்கள் மனம் தளர வேண்டாம். 1965 ஜூனில் ஜெமினி 4 விண்கலத்தில் போன ஜேம்ஸ் மெக்டிவிட், தன்னை ஏற்றிவந்த டைட்டன் ராக்கெட்டின் கழன்ற அடுக்கை நெருங்க முயன்றார். அதை நோக்கி எஞ்சினைச் செலுத்தினார், அது விலகிக்கொண்டே போனது. எரிபொருளை மிச்சப்படுத்த அந்த முயற்சியையே கைவிட வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜெமினி 6ஏ, ஜெமினி 7 கலத்தைப் போய்ச் சேர்ந்தது. பயிற்சி பெற்ற விமானிக்கே விண்வெளியில் உள்ளுணர்வு கைவிட்ட இடத்தில்தான் நீங்களும் நிற்கிறீர்கள். விளையாட்டு அந்த அனுபவத்தை மேசைக்கே கொண்டுவந்து தருகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

அறிகுறி: ஒரே எதிரியிடம் திரும்பத் திரும்பச் சாகிறேன்

எல்டன் ரிங் 2022இல் வந்தபோது, ஸ்டார்ம்வெய்ல் கோட்டை வாசலில் நிற்கும் பெரிய எதிரி மார்கிட்டிடம் முட்டி நின்றவர்கள் கணக்கில்லை. வாசலைப் பார்த்தவுடன் அதுதான் வழி என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. திறந்த உலகத்தில் பூட்டிய வாசலுக்கு இடமும் வலமும் நிலம் கிடக்கிறது. தெற்கே வீப்பிங் தீபகற்பம் முழுவதும் உங்களுக்காகக் காத்திருக்கிறது. அங்கே போய்ச் சுற்றி, உயிர்பலத்தைக் கூட்டும் விகரை ஏற்றி, ஆயுதத்தைக் கூர்தீட்டும் கற்களால் மேம்படுத்தி வந்தால் அதே மார்கிட் வேறு ஆளாகத் தெரிவார். சுமையும் முக்கியம். தாங்கும் எடையில் 70 சதவீதத்தைத் தொட்டால் உருளல் மந்தமாகிவிடும். தப்பிக்கத் தெரியவில்லை என்று நினைப்பவர்களில் நிறையப் பேர் எடை கூடியவர்கள்தான்.

மைன்கிராஃப்டில் செத்தால் சாமான் சிதறிக் கிடக்கும். சிதறிய பொருள் 5 நிமிடத்தில் மறையும், ஆனால் அந்தப் பகுதி ஆட்டத்தில் ஏற்றப்பட்டிருக்கும்போது மட்டும்தான் அந்தக் கடிகாரம் ஓடும். வெகு தொலைவில் செத்தால் பதறி ஓட வேண்டாம். முதலில் சாப்பாடும் ஒரு வாளும் தேடிக்கொண்டு போங்கள். 2021இன் 1.18 பதிப்பிலிருந்து அரக்கர்கள் முழு இருட்டில் மட்டுமே உருவாகிறார்கள். முன்பைவிடக் குறைவான தீப்பந்தங்களே போதும்.

சில ஆட்டங்களில் தோல்வியே வருமானம். கென்ஷியில் அடி வாங்க வாங்கத்தான் தாங்கும் சக்தி ஏறும். அங்கே தோற்றதும் லோடு செய்கிறவர் தனக்கு வரவேண்டிய கூலியைத் திருப்பிக் கொடுக்கிறார். எந்த ஆட்டத்திலும் இதை ஒருமுறை விசாரித்துவிடுங்கள்: இங்கே தோற்றால் எனக்கு எதுவாவது மிஞ்சுகிறதா?

அறிகுறி: வீடியோ பார்க்காமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை

எல்லா ஆட்டத்துக்கும் ஒரே பதில் கிடையாது. அவுட்டர் வைல்ட்ஸ் (2019) 22 நிமிடச் சுழற்சியில் நடக்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும், உங்களோடு வருவது நீங்கள் தெரிந்துகொண்டது மட்டும். அங்கே ஒரு பதிலைப் படித்துவிட்டால் ஆட்டத்தில் அத்தனை பங்கும் போனது, திரும்பக் கிடைக்காது. முட்டினால் கலத்தில் இருக்கும் பதிவேட்டைத் திறங்கள். இன்னும் பார்க்க வேண்டியது மிச்சமிருக்கும் இடங்களை அது குறித்து வைத்திருக்கும். வேறு உதவி தேடாதீர்கள்.

ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ் நேரெதிர். டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் சகோதரர்கள் 2006இல் வெளியிட்டு இன்றுவரை வளர்த்துவரும் ஆட்டம். அங்கே விக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடுவது வழக்கமே. எந்தக் கருவி எந்தப் பட்டறையில் செய்யப்படும் என்பது தெரிந்தால் எந்த இன்பமும் கெடாது.

எதைத் தேடலாம் என்பதற்கு எனக்குத் திருப்தியான ஓர் எல்லை இருக்கிறது. பொத்தான் எங்கே, இந்தக் குறிக்கு என்ன பொருள், இந்த எண்ணின் அலகு என்ன, இவற்றைத் தயங்காமல் தேடுங்கள். நான் எப்படிக் கட்டட்டும் என்று மட்டும் தேடாதீர்கள். அடுத்தவர் வரைபடத்தை நகலெடுத்த தொழிற்சாலை ஓடும், ஆனால் நின்றால் எங்கே கை வைப்பதென்று உங்களுக்குத் தெரியாது. பின்னோக்கித் தேடும் வேலை நீங்கள் கட்டியதில்தான் சாத்தியம்.

அறிகுறி: கொஞ்சம் தப்பினாலும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறேன்

ஃபேக்டோரியோவில் இது தொற்றுநோய். பொருள்களை நகர்த்தும் பெல்ட் சிக்கலாகிவிட்டது, அசிங்கமாக இருக்கிறது, புது உலகம். அங்கேயும் நீல சயின்ஸ் வரும்போது அதே சிக்கல். நடுக்கட்டத்தை ஒருபோதும் தாண்டாதவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

பழையதை இடிக்காதீர்கள். அது ஓடட்டும். தள்ளி ஒரு காலி இடத்தில் புதியதைக் கட்டுங்கள். பழைய சிக்கல் தொழிற்சாலை தரும் பெல்ட்டும் இன்செர்ட்டரும்தான் புதியதுக்கு மூலப்பொருள். பிறகு கட்டுமான ரோபோக்கள் வந்துவிட்டால் இடிப்பது ஒரு சொடுக்கு வேலை. அதுவரை அழகைத் தள்ளிவையுங்கள். ஒரு மஞ்சள் பெல்ட் விநாடிக்கு 15 பொருள் கொண்டுபோகும். அந்த அளவுக்கு ஓடுகிறதென்றால் எவ்வளவு வளைந்து போனாலும் அது நல்ல பெல்ட்தான்.

அறிகுறி: நிமிடத்துக்கு ஒருமுறை சேவ், லோடு

பயம் ஆட்டத்தை ஆளத் தொடங்கிவிட்டது. எதற்கு லோடு செய்யலாம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். தவறாகச் சொடுக்கிவிட்டதற்கும் ஆட்டத்தின் மென்பொருள் கோளாறுக்கும் லோடு செய்யலாம், எடுத்த முடிவு தவறாகப் போனதற்குச் செய்யக்கூடாது. எனக்கு நியாயமாகப் படும் கோடு இது. கட்டுப்படுத்த முடியவில்லை என்றால் ரிம்வேர்ல்டில் ஒரே சேவ் மட்டும் வைக்கும் முறை இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் பின்வாங்க வழி இருக்காது. முடங்கிப்போன ஓர் ஆளோடும் ஊர் எப்படித் தொடர்கிறது என்று அப்போதுதான் பார்ப்பீர்கள்.

அறிகுறி: கடினத்தைக் குறைக்க மனம் வரவில்லை

குறையுங்கள். ரிம்வேர்ல்டில் மிக உயர்ந்த நிலைக்கு அவர்கள் வைத்த பெயரே 'தோற்பது சுகம்' என்ற பொருளில்தான். அதற்குக் கீழே 5 நிலைகள் இருப்பது ஆட்களின் வசதிக்காகத்தான். ஃபேக்டோரியோவில் நீங்கள் தொடாதவரை பூச்சிகள் தாக்காத அமைதி முறை உண்டு. மைன்கிராஃப்டில் செத்தாலும் சாமான் கையோடு இருக்கும் விதியைப் போட்டுக்கொள்ளலாம். உங்களுக்கு எந்தக் கஷ்டம் பிடிக்கிறதோ அதை வைத்துக்கொண்டு, எரிச்சல் மட்டுமே தரும் கஷ்டத்தை அணைத்துவிடுங்கள். தொழிற்சாலைச் சிக்கலை அவிழ்ப்பதில் ஆசை உள்ளவர் பூச்சியோடு போராடித்தான் ஆக வேண்டுமா என்ன?

அறிகுறி: ஊர் பெரிதானதும் கணினி திணறுகிறது

ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸில் ஒவ்வொரு குள்ளரும் ஒவ்வொரு விலங்கும் வழி தேடுவதைக் கணினி கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. மக்கள்தொகை உச்சவரம்பு இயல்பாக 200. அமைப்பில் அதை 80 அளவுக்கு இறக்கிவிட்டாலே மூச்சு வரும். மேயும் விலங்குகளையும் குறையுங்கள்.

அறிகுறி: கோபம் வருகிறது, நிறுத்தவும் முடியவில்லை

இரவு நேரமாகிவிட்டால் முடிவெடுக்கும் திறன் போய்விடுகிறது, ஆனால் ஆட்டம் அடுத்த வேலையை நீட்டிக்கொண்டே இருக்கும். ஒரு வேலை முடிந்ததும் நிறுத்தலாம் என்று இருந்தால் நிறுத்தவே மாட்டீர்கள். ஏனென்றால் இங்கே வேலை முடிவதில்லை. வேலையின் நடுவிலேயே நிறுத்துங்கள். நிறுத்தும்போது ஒரு தாளில் மூன்று வரி எழுதி வையுங்கள்: இப்போது எதைக் கட்டிக்கொண்டிருக்கிறேன், எது குறைவாக இருக்கிறது, எதன்மேல் சந்தேகம். மறுநாள் உட்கார்ந்ததும் ஊரை அடையாளம் தெரியாமல் விழிக்கும் நிலை வராது. அந்த மூன்றாவது வரி, சரிவு வந்தால் பின்னோக்கித் தேட உங்களிடம் இருக்கும் ஒரே ஆவணமாகவும் இருக்கும்.

அறிகுறி: எல்லாம் போய்விட்டது, இத்தனை நேரமும் வீண்

ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸில் கோட்டை விழுந்தாலும் உலகம் அழிவதில்லை. விழுந்த கோட்டை அதே இடத்தில் பாழாகக் கிடக்கும். புதிய கூட்டத்தோடு போய் அதை மீட்டெடுக்கலாம். சாகச முறையில் ஒற்றை ஆளாக உள்ளே நடந்து போகலாம். வரலாற்று முறையைத் திறந்தால் யார் யாரால் எந்த ஆண்டு கொல்லப்பட்டார் என்பதுவரை பதிவாகி இருக்கும். விசாரணைக்கு இதைவிட என்ன வேண்டும்?

மற்ற ஆட்டங்களில் விழுந்த சேவை உடனே அழிக்காதீர்கள். ஓரிரு நாள் கழித்துத் திறந்து, இடைநிறுத்தி, கிடங்கையும் வரைபடங்களையும் சுற்றிப் பாருங்கள். தானியங்கிச் சேவ்கள் இருந்தால் பழையதிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து, இருப்பு முதன்முதலில் இறங்கத் தொடங்கியது எதில் என்று தேடுங்கள். கிடைத்ததும் அந்த ஒன்றை மட்டும் மாற்றிப் புதிய ஊரைத் தொடங்குங்கள். ஐந்தாறு விஷயங்களை ஒரே நேரத்தில் மாற்றினால், அடுத்த ஊர் நிலைத்தாலும் கவிழ்ந்தாலும் எதனால் என்று சொல்ல முடியாது.